பொன்முடியில் பறந்த பேரன்



வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'டிரேசிங்' என்ற சொல் நன்கு தெரியும். 1980-களில் நான் ரயில்வேயில் சேர்ந்த புதிதில், பாலங்களின் மூலப்படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து, கோடு கோடாக மை கொண்டு நகல் எடுப்போம். ஒரு கோடு விலகினாலும் மேலதிகாரி கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பழைய வேலை இந்த வயதில், ஒரு விளையாட்டு விஷயத்தில், எனக்குக் கைகொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கடந்த டிசம்பர் விடுமுறையில் குடும்பத்துடன் பொன்முடிக்குச் சென்றோம். திருவனந்தபுரத்திலிருந்து விதுர, கல்லாறு வழியாக 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மூடுபனி நம்மை வரவேற்கும். 'மின்னல் முரளி' (2021) படம் பார்த்த நாளிலிருந்து என் ஒன்பது வயதுப் பேரனுக்கு அதீத சக்தி வீரன் ஆகவேண்டும் என்று ஆசை. சிவப்புத் துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு புல்வெளியில் ஓடினான். பத்து வினாடி வீடியோ எடுத்தேன். அதை ஜப்பானிய 'அனிமே' பாணிப் படமாக மாற்றித் தரும்படி கேட்டான். அலைபேசியில் கிடைத்த ஒரு செயலியில் கொடுத்தோம். சில நிமிடங்களில் வந்துவிட்டது.

துண்டு பெரிய அங்கியாகப் பறந்தது, கைகளில் மின்னல். எல்லோரும் கை தட்டினோம். பேரன் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நான் இல்லியே. யாரோ வெள்ளைப் பையன்" என்றான்.

உண்மைதான். அவன் என்னைப் போலவே நல்ல கறுப்பு. படத்தில் இருந்தவனோ பால் நிறம், கூர்மூக்கு, பழுப்பு முடி. வீரனாக வேண்டுமானால் நிறம் மாறவேண்டும் என்று அந்த இயந்திரம் குழந்தைக்குச் சொல்லிவிட்டது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் படித்து அறிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். அறிந்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய வழி

நடிகரைப் படம் பிடித்து, அதன் மேல் வரைந்து சித்திரமாக்கும் கலை புதிதல்ல. அமெரிக்காவில் மாக்ஸ் பிளெய்ஷர் என்பவர் 'ரோட்டோஸ்கோப்' என்ற கருவிக்கு 1915-ல் விண்ணப்பித்து, 1917-ல் காப்புரிமை பெற்றார். படச்சுருளின் ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியில் விழச்செய்து, அதன் மேல் தாள் வைத்து வரைவது அதன் முறை. நாங்கள் செய்த டிரேசிங்தான், விநாடிக்குப் பல முறை! அவருடைய நிறுவனமே 1941-ல் சூப்பர்மேன் கார்ட்டூன் படங்களைத் தொடங்கியது.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. யூகோ சாகோ, கொய்ச்சி சசாகி, நம் நாட்டு ராம் மோகன் ஆகியோர் இயக்கிய ராமாயண அனிமே படம் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. 2025 ஜனவரியில் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மீண்டும் திரையிடப்பட்டது. கமல்ஹாசனின் 'ஆளவந்தான்' (2001) படத்தில் நடிப்புக் காட்சியே சித்திரமாக மாறும் இடங்களைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றிலெல்லாம் முகமும் நிறமும் எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்தவர் மனிதக் கலைஞர்.

இயந்திரம் செய்வது என்ன?

2015-ல் ஜெர்மனியின் கேட்டிஸ், எக்கர், பெத்கே ஆகிய மூவர், ஒரு புகைப்படத்தை இன்னோர் ஓவியத்தின் பாணியில் கணிப்பொறி மாற்றும் வழியைக் காட்டினார்கள். 2022 ஆகஸ்டில் 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' என்ற மென்பொருள் பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அது வேலை செய்யும் விதத்தைப் பொன்முடி மூடுபனியைக் கொண்டே விளக்கலாம்.

பனிக்குள் ஓர் உருவம் மங்கலாகத் தெரிகிறது. அது மாடா, மனிதனா என்று நம் அனுபவத்தைக் கொண்டு ஊகிக்கிறோம். இயந்திரமும் அப்படித்தான். கோடிக்கணக்கான படங்களின் மேல் புள்ளிப் புள்ளியாகப் 'பனி' தூவி, அதை விலக்கப் பழகியிருக்கிறது. நாம் கொடுக்கும் படத்தின் மேலும் பனியைத் தூவி, பிறகு "அனிமே வீரன்" என்ற சொல்லுக்கு ஏற்ப விலக்குகிறது. எவ்வளவு பனி என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவு உண்டு. அளவு மிகுந்தால் அசல் முகம் மறைந்துபோகும். மறைந்த இடத்தை அது தனக்குப் பழக்கமான முகத்தால் நிரப்பும். அது பார்த்துப் பழகிய அனிமே முகங்களில் வெளிர் நிறமே மிகுதி. பேரனின் நிறம் போன இடம் இதுதான்.

இன்னொரு சிக்கல், ஆட்டம். அலைபேசி வீடியோவில் விநாடிக்கு 30 படங்கள். பத்து வினாடிக்கு 300. ஒவ்வொன்றையும் இயந்திரம் தனித்தனியாக வரைந்தால், ஒரு படத்தில் மூன்று பொத்தான், அடுத்ததில் இரண்டு என்று படம் துடிக்கும்.

நாங்கள் திருத்திய முறை

என் மகனின் கணிப்பொறியில் மீண்டும் செய்து பார்த்தோம். படிப்படியாகச் சொல்கிறேன்.

1. விநாடிக்கு 30 படங்களை 12 ஆகக் குறைத்தோம். கையால் வரையும் அனிமேயிலும் பெரும்பாலும் விநாடிக்கு 12 அல்லது 8 ஓவியங்களே இருக்கும். எனவே 300 படங்கள் 120 ஆயின, பாணியும் பொருந்தியது.

2. பனி அளவை 0.75-லிருந்து 0.45-க்கு இறக்கினோம். முகம் திரும்பி வந்தது.

3. 2023-ல் வந்த 'கன்ட்ரோல்நெட்' என்ற துணைக்கருவியால், அசல் படத்தின் விளிம்புக் கோடுகளையும் கைகால் நிலையையும் பிடித்து நிறுத்தினோம். டிரேசிங் தாளுக்கு அடியில் மூலப்படம் நகராமல் குண்டூசி குத்துவது போல.

4. ஓவியம் பயிலும் என் பேத்தி, தம்பியின் முகத்தை முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு கோணத்தில் அனிமே பாணியில் வரைந்து, அவன் நிறத்தையே தீட்டிக் கொடுத்தாள். அதை மாதிரிப் படமாக வைத்தோம். மிகப் பெரிய மாற்றம் தந்தது இந்தப் படிதான்.

5. ஏழு படங்களில் ஆறாவது விரல் முளைத்திருந்தது. அவற்றை அவளே கையால் அழித்துத் திருத்தினாள்.

ஆட்டம் முழுவதும் நிற்கவில்லை. அங்கி இன்னும் கொஞ்சம் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பேரன் பார்த்ததும், "இப்பத்தான் தாத்தா நான்" என்றான். ஐந்து முறை போடச் சொன்னான்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பிறர் உழைப்பு. 2023-ல் அமெரிக்காவின் 'காரிடார்' குழுவினர் தங்கள் நடிப்பை இம்முறையில் அனிமே குறும்படமாக்கினார்கள். ஒரு ஜப்பானியப் படத்தின் காட்சிகளைக் கொண்டு இயந்திரத்துக்குப் பாணி பழக்கியதால், ஓவியர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். மாதிரிப் படத்தை நம் வீட்டுப் பிள்ளையே வரைந்துவிட்டால், குறைந்தபட்சம் நாம் கொடுக்கும் மாதிரி இரவல் அல்ல.

இரண்டாவது, பிறர் முகம். எங்கள் வீடியோவில் பின்னால் வேறு குடும்பத்துக் குழந்தைகள் இருவர் தெரிந்தார்கள். அந்தப் பகுதியை வெட்டிவிட்டோம். அனுமதியின்றி யார் குழந்தையின் முகத்தையும் இயந்திரத்துக்குக் கொடுக்கலாகாது.

மூன்றாவது, பிறருக்கு அனுப்பும்போது 'கணிப்பொறியால் மாற்றப்பட்டது' என்று படத்திலேயே எழுதிவிடுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த விளையாட்டை எப்படியும் விளையாடத்தான் போகிறார்கள். தடுப்பதைவிட உடன் உட்காருவது மேல். படம் வந்ததும் கை தட்டுவதற்கு முன், "இதில் இருப்பது நம்ம பிள்ளைதானா?" என்று ஒரு முறை பாருங்கள். இல்லையென்றால், தாளும் வண்ணமும் எடுத்து அவர்களையே வரையச் சொல்லுங்கள்.