ரிவர்ஸ் சென்சார் வாங்கப் போறீங்களா?

குழுக் கடனில் பழைய கார், வேன் வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வண்டியைப் பின்னாடி எடுக்கும்போது, பம்பரை ஒட்டி நிற்கும் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு உதவும் கருவிதான் சென்சார்.

எப்படி வேலை செய்கிறது?

ரிவர்ஸ் கியர் போட்டதும் நம்ம காதுக்குக் கேட்காத ஒலியை இது அனுப்பும். அந்த ஒலி எதிலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். கிட்டப் போகப் போக 'பீப்' சத்தம் வேகமாகும்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களுக்கு இது கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால் நாமே வாங்கிப் பொருத்தலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு சென்சாரை விட நான்கு நல்லது. நடுவில் விடுபடும் இடம் குறையும்.

2. பம்பர் இரும்பா, பிளாஸ்டிக்கா? பேட்டரி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? இரண்டையும் கடைக்காரரிடம் சொல்லுங்க.

3. தண்ணீர் புகாததாகப் பார்த்து வாங்குங்க.

4. தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் பொருத்தச் சொல்லுங்க. ரொம்பக் கீழே வைத்தால் தரையைப் பார்த்தே கத்தும்.

5. பணம் கொடுக்கும் முன் பின்னாடி ஒரு பெட்டியை வைத்துச் சோதித்துப் பாருங்க.

மறக்காதீங்க!

சேறு படிந்தால் சென்சார் சரியாக வேலை செய்யாது. அடிக்கடி துடைக்கணும். மெல்லிய கம்பி, குட்டைக் கல், பம்பருக்குக் கீழே குனிந்து விளையாடும் குழந்தை இதில் தப்பிப் போகலாம். அதனால் சத்தம் வரலையே என்று நம்பி எடுக்கக் கூடாது. ஒருத்தர் இறங்கிப் பின்னாடி பார்த்து, "வரலாம்" என்று சொன்ன பிறகே வண்டி நகரணும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்க. வீட்டில் வண்டி ஓட்டுபவரிடமும் சொல்லுங்க.