அட்டையில் யார் முகம்?

எங்கள் திருவேட்டக்குடி கடலோர ஊர். என் ஒன்பதாம் வகுப்பில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஊடகம் பற்றிய செயல்திட்டத்திற்காக, திரைப்பட இதழ் ஒன்றின் முன்னட்டையை வடிவமைக்கச் சொன்னேன். எடுத்துக்கொண்ட படம், 1964இல் வெளிவந்த ‘படகோட்டி’.

முதலில் பழைய ‘பேசும் படம்’, ‘பொம்மை’ இதழ்களின் அட்டைகளைக் காட்டினேன். மேலே பெரிதாக இதழின் பெயர், நடுவில் நடிகரின் முகம், ஓரத்தில் உள்ளடக்கம் சொல்லும் சிறுவரிகள், மாதம், விலை எனப் பிரித்துப் பார்த்தோம். “கடையில் தொங்கும்போது எது முதலில் கண்ணில் படும்?” என்று கேட்டேன். அதைக்கொண்டே எழுத்தின் அளவையும் நிறத்தையும் முடிவு செய்தார்கள்.

ஏறக்குறைய எல்லோரும் எம்.ஜி.ஆரை வரைந்தார்கள். ஒரு மாணவியின் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. “எங்கப்பாவும் படகுலதான் போறாரு டீச்சர். அவரைப் போட்டா யாரு வாங்குவா?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. “போட்டுப் பார்” என்றேன். மறுநாள் வலை சீர்செய்யும் அப்பாவை வரைந்து வந்தாள். சிறுவரி: “61 நாள் தடைக்காலம்: கரையில் எங்கள் வீடு”.

அட்டைகளைச் சுவரில் ஒட்டி, எதை வாங்குவீர்கள் என்று வாக்கெடுத்தோம். அவள் அட்டை தோற்றது. ஏன் தோற்றது என்பதை ஒரு பாடவேளை முழுதும் பேசினோம். அன்றுதான் வகுப்பு உண்மையில் ஊடகத்தைப் படித்தது.

இச்செயல்பாட்டுக்கு மதிப்பெண் தரும்போது பாதியை வடிவமைப்புக்கும், மீதியை “யாரைப் போட்டாய், யாரை விட்டாய், ஏன்?” என்ற விளக்கத்துக்கும் ஒதுக்குங்கள்.