குரலுக்குள் ஒரு கை

நுழையும்முன்

வேலையும் பாட்டும் ஒருங்கே பிறந்தவை. வேலை மறைந்தபின் பாட்டு எங்கே வாழும்? ஒலிப்பதிவில் வாழும் பாட்டை எவ்வாறு கேட்பது? இவ்வினாக்களை எழுப்பி விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

கடல்கடந்த குரல்கள்

ஸ்காட்லாந்தின் மேற்கே ஹெப்ரிடீஸ் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கு வழங்கும் கேலிக், கெல்டிக் மொழிகளுள் ஒன்று. அம்மொழிப் பெண்கள் வேலையின்போது பாடிய பாடல்களின் ஒலித்தொகுப்பைக் கேட்கும் தமிழ் மாணவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. கருவியிசையும் இராது. ஒருத்தி ஓரடியைப் பாட, மற்றவர்கள் சேர்ந்து பல்லவியைப் பாடுவர். இடையிடையே சீரான ஓர் ஓசை கேட்கும். அது முழவின் ஓசையன்று. நனைந்த கம்பளித் துணி பலகையில் மோதும் ஓசை.

தறியிலிருந்து எடுத்த கம்பளி இறுக வேண்டும். அதற்காகப் பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றி அமர்ந்து, ஈரத்துணியை அடித்து அடித்து அடுத்தவரிடம் நகர்த்துவர். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் எழுந்து விழுமாறு காத்தது பாட்டு. ஆலைகள் அவ்வேலையை ஏற்றதும் பலகைகள் ஓய்ந்தன. ஜான் லார்ன் கேம்பெல், மார்கரெட் ஃபே ஷா இணையர் அத்தீவுகளில் வாழ்ந்து பாடல்களைத் திரட்டினர். 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளியும் முதியோர் குரல்களை ஒலிநாடாவில் சேமித்தது.

நம் உலக்கைப் பாட்டு

இது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் நெல் குத்தும் மகளிரின் வள்ளைப்பாட்டு உண்டு. நாடுகாண் காதையில் ஏர்மங்கலமும் முகவைப்பாட்டும் ஒலிக்கின்றன. விருதுநகர் வட்டாரக் கரிசல் நிலம் கம்பும் சோளமும் விளையும் பூமி. ஓர் உரலில் இருவர் மாறி மாறிக் குத்தும்போது ஒரு கை பிந்தினாலும் உலக்கைகள் மோதிக்கொள்ளும். எனவே, உலக்கை ஏறி இறங்கும் நேரமே பாட்டின் அடிக்கு அளவாயிற்று. அரைவை இயந்திரம் வந்தது. பெண்களின் உடல்வலி குறைந்தது. அது நன்மையே. ஆயினும், உரலோடு பாட்டும் மூலைக்குச் சென்றது.

கேலிக் பாடல்களின் பல்லவியில் பொருளற்ற அசைகள் மிகுதி. நம் ‘தன்னானே’, ‘ஏலேலோ’ போன்றவையும் அத்தகையனவே. அகராதியில் அவற்றுக்குப் பொருள் இல்லை. பாட்டில் பணி உண்டு. குழுவினர் அவற்றைப் பாடும் நேரத்தில் முன்பாடுபவர் மூச்சு வாங்குவார். அடுத்த அடியை நினைவுகூர்வார். மொழி அறியாத பாட்டிலும் நாம் கேட்டு உணரத்தக்கது இந்த மூச்சும் கையும்தான்.

பதிவு செய்ய வேண்டிய குரல்

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், தம் கணவருடன் சிற்றூர்கள்தோறும் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி, மேடையிலும் ஒலிநாடாவிலும் பாடிப் பரப்பினார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு தலைமுறையினர் தம் பாட்டியரின் பாடல்களை அந்நாடாக்கள் வழியே மீண்டும் கேட்டனர்.

எஞ்சிய பணி நம்முடையது. 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அத்தொழிலில் பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் எத்தனையோ பெண்களின் கைகள் தேய்ந்தன. அவர்கள் முணுமுணுத்தது தாலாட்டாகவும் இருக்கலாம், திரைப்பாடலாகவும் இருக்கலாம். எதுவாயினும் அது ஓர் உழைப்பின் மூச்சு. குரலை மட்டும் பதிவுசெய்தால் கை மறைந்துவிடும். யார் பாடினார், எந்த ஊரில், எவ்வேலையின்போது, யாரிடம் கற்றார் என்பவற்றையும் சேர்த்தால்தான் பதிவு முழுமை பெறும்.

கருவி நம் கைப்பேசியிலேயே உள்ளது. பாட்டி இன்று வீட்டில் இருக்கிறார். இவ்விரண்டும் ஒன்றாக வாய்த்திருக்கும் காலம் நீண்டதன்று.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டு முதியவர் ஒருவரின் ஒப்புதலுடன் அவர் பாடும் பாட்டைப் பதிவுசெய்து, பாடிய சூழலையும் எழுதுக.
2. பொருளறியா மொழிப்பாடல் ஒன்றைக் கண்மூடிக் கேட்டு, அது தாலாட்டா, வேலைப்பாட்டா என உய்த்துணர்க. அவ்வாறு கருதியதற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.