04546: எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஊர்



நம் கடைவீதியில் பழைய பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். 04546 என்று ஆரம்பித்தால் தேனி, போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி வட்டாரம். 04554 என்றால் உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம், கூடலூர். கடைப் பெயரை மறைத்தாலும் ஊரைச் சொல்லிவிடலாம். இது எப்படி?

முதலில் வரும் 0, "இது வெளியூர் அழைப்பு" என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் அடையாளம். அதை எடுத்துவிட்டால் ஊர்க் குறியீடும் சந்தாதாரர் எண்ணும் சேர்ந்து எப்போதும் 10 இலக்கம். சென்னைக்கு 44, மீதி 8 இலக்கம். மதுரைக்கு 452, மீதி 7. தேனிக்கு 4546, மீதி 6. பெரிய ஊருக்குக் குறியீடு ஏன் சின்னது என்று இப்போது புரிகிறதல்லவா? 6 இலக்கத்தில் கணக்குப்படி 10 லட்சம் எண்கள்; 8 இலக்கத்தில் 10 கோடி! (0, 1-ல் தொடங்குபவை வேறு உபயோகத்துக்குப் போக மீதிதான் கிடைக்கும்.)

இன்னொரு விதி. ஒரு குறியீடு இன்னொன்றின் தொடக்கமாக இருக்கக் கூடாது. 452 மதுரை என்றால், 452-ல் தொடங்கும் நாலு இலக்கக் குறியீடு வேறு ஊருக்குக் கிடையாது. அதனால்தான் இலக்கங்களை வரிசையாகப் படிக்கும் எக்ஸ்சேஞ்ச், குறியீடு எங்கே முடிகிறது என்று குழம்புவதில்லை.

தேனியிலிருந்து குமுளிக்கு 04869 சுழற்றுகிறோம். 0-வைக் கண்டதும் உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் அழைப்பை டிரங்க் எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிவிடும். கண்ணுக்கு எது பக்கம் என்று அது பார்ப்பதில்லை. அந்தக் குறியீட்டுக்கு எந்தப் பாதை என்று அட்டவணையில் இருக்கோ, அதுதான் பாதை. 1960-ல் லக்னோ–கான்பூர் இடையே எஸ்.டி.டி. வருவதற்கு முன் நம் நாட்டில் இந்த வேலையை டிரங்க் ஆபரேட்டர்தான் கையால் செய்தார்.

சரி, செல்போன்? அதன் ஆரம்ப இலக்கங்கள் ஒரு காலத்தில் கம்பெனியையும் மாநில வட்டத்தையும் காட்டின. 2011-ல் எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்தது; 2015 ஜூலையில் வட்டம் தாண்டியும் மாற்றலாம் என்றானது. இப்போது எண்ணைப் பார்த்து ஆள் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியாது. போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று நெட்வொர்க் தன் பதிவேட்டில் தேடித்தான் அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதில்தான் நமக்கொரு பாடம் இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் போகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! மலைப்பாதையில் ஒரு விபத்து என்று வையுங்கள். நாம் தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் போன் அந்தப்பக்கத்து டவரைப் பிடித்திருக்கலாம். 112-க்குப் போடும் அழைப்பு டவரை வைத்தே பிரிக்கப்படுவதால், எடுப்பவர் கேரளத்துக்காரராகவும் இருக்கலாம். "சீக்கிரம் வாங்க சார், ஜீப் கவுந்துருச்சு" என்று மட்டும் கத்தினால் அவர் எங்கே வருவார்?

முதல் வாக்கியத்திலேயே இடத்தைச் சொல்லுங்கள்: "தமிழ்நாடு, தேனி மாவட்டம், போடிமெட்டு ரோடு, இத்தனையாவது கொண்டை ஊசி வளைவு." பிறகு என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி என்பதைச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அன்று எண்ணே ஊரைச் சொன்னது. இன்று நாம்தான் சொல்ல வேண்டும்!