நடுமூளையை எழுப்பிய சிலேட்டு

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்தது. தங்கச்சியை 'மிட்பிரைன் ஆக்டிவேஷன்' வகுப்பில் சேர்த்துவிட்டார்கள், இரண்டே நாளில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்கிறாள், எழுத்தும் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். சரி. அதற்கு அடுத்த வரிதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது: 'அஞ்சு வயசுலேர்ந்து பதினஞ்சுக்குள்ளதான் மூளை மாறுமாம். எனக்குத்தான் பதினாறு முடிஞ்சுபோச்சே, பெரியப்பா.'

கண்கட்டுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உன் பதினாறைப் பார்ப்போம்.

அந்த வகுப்புக்காரருக்குக் கொஞ்சம் படிப்பு இருந்திருந்தால் உன்னை மிரட்ட நல்ல ஆதாரமே கிடைத்திருக்கும். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்றொரு மருத்துவர் இருந்தார். இறந்தவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, ஒரு நரம்பணு இன்னொன்றைத் தொடும் இடங்களை, அதாவது சினாப்ஸ்களை, எண்ணினார். அலுப்பூட்டும் வேலைதான். 1979இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் சினாப்ஸ்கள் அதிகம். நெருக்கி விதைத்த பயிரைப் பிறகு பிடுங்கி இடம்விடுவதுபோல, புழங்காத இணைப்புகளை மூளை கழித்துக்கொண்டே வருகிறது. அந்தக் கழிப்பு ஏறக்குறைய பதினாறு வயதுவரை நடக்கிறது என்றார் அவர்.

பயந்துவிடாதே. 2011இல் வந்த இன்னோர் ஆய்வு, அதே நெற்றிப் பகுதியில் இந்தக் கழிப்பு இருபதுகளிலும் தொடர்வதைக் காட்டியது. அது மட்டுமில்லை. தூரத்துப் பகுதிகளை இணைக்கும் நீண்ட நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை சுற்றிக்கொள்ளும். உறையில்லாத மெல்லிய இழையில் துடிப்பு நொடிக்கு ஒரு மீட்டர்போல நடந்து போகும். தடித்த உறையிட்ட இழையிலோ நொடிக்கு நூறு மீட்டர்வரைகூடப் பாயும். இந்த உறை போடும் வேலை பின்மண்டையில் சீக்கிரம் முடிகிறது. நெற்றிப் பக்கம் இருபதுகளைத் தாண்டியும் நடக்கிறது. உன் மூளையில் வேலை இன்னும் ஓயவில்லை, போ.

எல்லாக் கதவும் எப்போதும் திறந்தே கிடக்கும் என்று சொன்னால் அதுவும் பொய். ஹியூபல், வீசல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1960களில், புதிதாகப் பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் மூன்று மாதம் தைத்து மூடிவைத்தார்கள். பிரித்த பிறகும் அந்தக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கண் நன்றாகத்தான் இருந்தது. மூளையின் பார்வைப் பகுதியில் அதற்குரிய இடத்தைத் திறந்திருந்த மற்றக் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு அதே காலம் மூடினால் ஒன்றும் ஆவதில்லை. பிறவிக் கண்புரையைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

ஆனால் படிப்பு அந்த ரகமில்லை. உன் அப்பத்தாவைக் கேள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அரிக்கேன் வெளிச்சத்தில் சிலேட்டோடு உட்கார்ந்து 'ப, ட, ம' என்று தடவித் தடவி எழுதினாள். ஏழெட்டு மாதத்தில் பஸ் போர்டு, சுவர் விளம்பரம், அரிசி மூட்டை என்று எதையும் விடவில்லை. "கண்ணுல பட்டா தானா வாய்க்கு வருதுடா" என்று அலுத்துக்கொள்வாள். அவள் சொன்னது அப்படியே நரம்பியல்: பார்க்கும் பகுதிக்கும் பேசும் பகுதிக்கும் நடுவே அதுவரை இல்லாத பழக்கம் விழுந்திருந்தது.

அப்பத்தாவை யாரும் எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைக்கவில்லை. லக்னோ அருகே கிராமங்களில் அவளைப் போன்றவர்களைப் படுக்க வைத்தார்கள். முப்பது வயதை ஒட்டியவர்கள், பெரும்பாலும் பெண்கள், எழுத்தே அறியாதவர்கள். ஆறு மாதம் தேவநாகரி எழுத்து சொல்லிக் கொடுத்து, வகுப்புக்கு முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். சொல்லித்தராத இன்னொரு குழுவையும் ஒப்பிட வைத்துக்கொண்டார்கள். முடிவு 2017இல் வந்தது. பெருமூளையின் பார்வைப் பகுதிக்கும், மூளையின் ஆழத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கும் தொடர்பு வலுத்திருந்தது. ஒன்று தலாமஸ் என்ற பகுதியில் இருக்கிறது. கண்ணில் கொட்டும் காட்சிகளில் எது முக்கியம் என்று சலிக்க உதவுவது. மற்றது கண்ணை எங்கே திருப்புவது என்று பார்த்துக்கொள்ளும் சின்ன மேடு. அது எங்கே இருக்கிறது தெரியுமா? நடுமூளையில். தங்கச்சியின் வகுப்பு நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அதே மிட்பிரைன்தான்!

ஒன்றை மட்டும் சரியாகப் புரிந்துகொள். புதிதாக நரம்பு முளைத்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சும்மா படுத்திருக்கும்போது பார்வைப் பகுதியின் செயல்பாடும் அந்த இரண்டு இடங்களின் செயல்பாடும் முன்னைவிட ஒத்து ஏறி இறங்கின, அவ்வளவுதான் சொன்னது. நரம்பிழைகளே மாறுவதை வேறு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 2009இல், பெரியவர்களுக்கு மூன்று பந்தை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தினம் அரைமணி, ஆறு வாரம். கண்ணையும் கையையும் ஒத்திசைக்கும் பகுதிக்கு அடியில் இருந்த நரம்பிழைகள் மாறியிருந்தன. எனக்குப் பிடித்த செய்தி என்னவென்றால், நன்றாகப் பிடித்தவர், தவறவிட்டவர் என்று பார்க்காமல், பழகியவர்கள் எல்லோருக்கும் அந்த மாற்றம் இருந்தது. இயற்பியலில் கணக்கு வரவில்லை என்று புத்தகத்தை மூடிவைத்தாயே, அதைத் திரும்ப எடு. விடை தப்பாக வருகிற நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது கண்கட்டு. துணியை எவ்வளவு இறுக்கினாலும் மூக்கு இருக்கிறதே, அதன் இரண்டு பக்கமும் சின்ன இடுக்கு விழும். குழந்தை கீழ்ப்பார்வையாகப் பார்த்துவிடும். தங்கச்சியைத் திட்டாதே, எல்லோரும் கைதட்டினால் எந்தக் குழந்தைதான் ஒப்புக்கொள்ளும்? ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். புத்தகத்தை அவள் மடியில் வைக்காமல், நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படிக்கச் சொல். என்ன நடந்தது என்று எனக்கு எழுது. வகுப்புக் கட்டணத்தின் மிச்சத் தவணையைக் கட்டலாமா வேண்டாமா என்று அப்பா அதற்கப்புறம் முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
பெரியப்பா