மீன்தொட்டி விளக்குக்கு எந்தச் சோக்?

ஏனாத்தூர் வட்டாரத்தில் வண்ணமீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொள்ளும் சிறு விவசாயிகள், டியூப்லைட்டின் சோக்கையும் கவனித்தல் நலம். 36 வாட் குழலுக்குச் செம்புக்கம்பிச் சோக் சுமார் 12 வாட் மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும்; எலக்ட்ரானிக் சோக் சுமார் 4 வாட்டே வீணாக்கும். தினம் 10 மணி நேரம் எரியும் 10 விளக்குகளுக்கு மாதம் 24 யூனிட் மிச்சமாகும். எலக்ட்ரானிக் சோக்குக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை. மின்னழுத்தம் குறைந்தாலும் விளக்கு எரியும். ஆனால் மின்னழுத்தம் திடீரென ஏறினால் மலிவான எலக்ட்ரானிக் சோக் பழுதாகிவிடும்; செம்புச் சோக் தாங்கும்.

எந்தச் சோக்கானாலும் நீர்த்துளி படாத இடத்தில் பொருத்தி, எர்த் கொடுக்க வேண்டும். தொட்டியில் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுவது அவசியம்.

பாதரசக் குழல் விளக்கு உற்பத்தியை 2027 இறுதிக்குள் நிறுத்த, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. ஆகவே புதிதாகத் தொட்டி அமைப்போர், தனிச் சோக் வேண்டாத எல்.இ.டி. விளக்கையே வாங்கலாம்.