திரினிடாட் தீவின் வரலாறும் அது எமக்குப் புகட்டும் பாடமும்



சாகாமக் குளத்தின் கட்டிலே நின்று கிழக்கே நோக்குவோமாயின், வயல்வெளிகட்கு அப்பால் வங்கக் கடல் விரிந்து கிடக்கின்றது. மேற்கே சென்றால் ஹிங்குராணையிலே கரும்பு விளைகின்றது. நீர், நெல், கரும்பு, கடல் ஆகிய இந்நான்கும் உலகின் மறுபுறத்திலே ஒரு தீவின் வரலாற்றையே உருவாக்கின. கரிபியன் கடலின் தென் எல்லையிலே, தென்னமெரிக்காக் கரையினின்றும் ஏறத்தாழ ஏழு மைல் தூரத்திலே கிடக்கும் திரினிடாட் என்பதே அத்தீவாம். தொபாகோ என்னும் சிறுதீவோடு கூடிய அந்நாட்டின் பரப்பு 5,128 சதுரக் கிலோமீற்றர். எமது அம்பாறை மாவட்டத்தினும் அது சிறிதே பெரிது. அத்தகைய சிறுநாட்டின் கதையை ஈண்டு ஆராயப் புகுந்தது, அதனுள் எம்மினத்தவரின் கதையும் ஒரு பகுதியாய் அமைந்து கிடத்தலினாலேயே.

மூவர் ஆட்சி

1498ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆந் திகதி, தமது மூன்றாம் கடற்பயணத்திலே கொலம்பசு இத்தீவைக் கண்டார். கிறித்தவ சமயத்தின் திரித்துவத்தை நினைந்து அதற்குப் பெயரிட்டார். அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகள் பிற்காலத்து நோயாலும் அடிமைத்தனத்தாலும் பெரிதும் அழிந்தொழிந்தனர். இசுப்பானியர் அத்தீவைத் தம்முடைமை என்றனரேயன்றி, நெடுங்காலம் அதனை வளம்படுத்தினாரல்லர். 1595இல் ஆங்கிலேயரான சேர் வால்டர் றாலி அங்குள்ள கீல் ஏரியைக் கண்டு, அதன் கீலால் தம் மரக்கலங்களின் ஓட்டைகளை அடைத்தார் என்பர். நிலத்தினின்றும் ஊறும் அக்கீல் ஏரி இன்றும் உலகின் புதுமைகளுள் ஒன்று.

1783இல் இசுப்பானிய அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். கத்தோலிக்கர் எவரும் அங்கு வந்து குடியேறலாம். அடிமைகளைக் கொண்டு வருவோர்க்கு அதற்கேற்ப நிலமும் வழங்கப்படும் என்பதே அவ்வாணையின் சாரம். பிரெஞ்சுத் தோட்டக்காரர் பலர் அடிமைகளோடு வந்து சேர்ந்தனர். 1797இல் பிரித்தானியர் அத்தீவைக் கைப்பற்றியபோது அங்கு ஏறத்தாழ 10,000 அடிமைகள் இருந்தனர். இவ்வாறு சட்டம் இசுப்பானியருடையதாகவும், பேச்சுப் பிரெஞ்சாகவும், கொடி பிரித்தானியருடையதாகவும், உழைப்பு ஆபிரிக்கருடையதாகவும் இருந்த விந்தையான நாடாயிற்று திரினிடாட்.

அடிமைத்தளை அறுந்தபின்

1834ஆம் ஆண்டு ஓகத்து முதலாந் திகதி பிரித்தானியப் பேரரசிலே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின்னும் பயிற்சிக்காலம் என்னும் பெயரால் நீடித்த கட்டாய உழைப்பு 1838இல் முடிவுற்றது. இவ்விடத்து மாணவர் ஒன்றைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். அடிமைகளை இழந்தமைக்காக முதலாளிமாருக்குப் பிரித்தானிய அரசு 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கியது. தலைமுறை தலைமுறையாக உழைத்த அடிமைகட்கோ ஒரு காசும் வழங்கிற்றில்லை. இம்முரணை உலகறிய எடுத்துரைத்த ஆசிரியர்களுள் ஒருவர் திரினிடாட்டின் மைந்தரான எரிக் வில்லியம்சு. முதலாளித்துவமும் அடிமைமுறையும் பற்றி அவர் 1944இல் வெளியிட்ட நூல், சீனித்தோட்டத்தின் கணக்கேட்டைக் கொண்டே வரலாற்றை எழுதும் வழியைக் காட்டியது.

விடுதலை பெற்றோர் தோட்டங்களை விட்டு விலகினர். கரும்பு வெட்ட ஆளில்லை என்று முறையிட்ட தோட்டக்காரர் இந்தியாவை நோக்கினர். 1845ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி, கல்கத்தாவினின்றும் புறப்பட்ட ஒரு கப்பல், மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பயணத்தின்பின் திரினிடாட் துறையை அடைந்தது. அதிலே ஏறத்தாழ 225 இந்தியர் இருந்தனர். அக்கப்பலின் பெயர் ‘பத்தெல் ரசாக்’. ‘ரசாக்’ என்னும் சொல் உணவளிப்பவனாகிய இறைவனைக் குறிக்கும் அரபுப் பெயரென்பதை எம் முஸ்லிம் அயலவர் நன்கறிவர். உணவு தேடிப் போனவர்கட்கு அதனினும் பொருத்தமான பெயருடைய கப்பல் வேறு கிடைத்திருக்குமோ?

அன்று தொடக்கம் 1917 வரை 1,43,000க்கு மேற்பட்ட இந்தியர் அத்தீவிற்குச் சென்றனர். பெரும்பாலோர் கங்கைச் சமவெளியினர். ஒரு சிறுபகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், நாட்கூலியோ சொற்பம், அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் சிறை. வேலைக்கு வாராமை என்னுங் குற்றத்திற்கும் தண்டனை உண்டு. அடிமை முறையின் பெயர் மாறிற்றேயன்றி அதன் நிழல் முற்றாக அகன்றதன்று.

நிலம் பெற்ற கதை

பத்தாண்டு அத்தீவிலே வதிந்தவர்க்குத் தாயகந் திரும்பக் கப்பற்செலவு அளித்தல் வேண்டும் என்பது ஒப்பந்தம். 1869 தொடக்கம், அச்செலவை வேண்டாதார்க்கு அதற்கு ஈடாகப் பத்து ஏக்கர் முடிக்குரிய நிலம் அளிக்கப்பட்டது. இதனை நடைமுறைப்படுத்திய ஆளுநர் சேர் ஆதர் கோடன் ஆவார். இவரே பின்னர் 1883 முதல் 1890 வரை இலங்கையின் ஆளுநராயிருந்து, 1887இல் கலாவெவையைத் திருத்துவித்தவர். சிலகாலத்தின்பின் நிலமளிக்கும் முறை நின்றுபோயினும், அதன் பயன் நின்றதன்று. கூலியாய்ச் சென்றவன் குடியானவன் ஆனான். கரோணிச் சதுப்பிலே வரம்பு கட்டி நெல் விதைத்தான். கூலி வாங்குங் கை நிலத்தைத் தொட்டவுடன் மனிதனின் நிமிர்வே வேறாகிவிடுகின்றது. இதனை நெற்செய்கையோடு வளர்ந்த எம்மவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா.

ஒருங்கு சிந்திய குருதி

திரினிடாட் இந்தியர் முகரம் மாதத்திலே இமாம் உசேனின் நினைவாகத் தாசியாக்களைச் சுமந்து ஊர்வலம் செல்வர். ‘ஓசே’ என அது அங்கு வழங்கும். முஸ்லிம்களின் நினைவுநாளே எனினும், இந்துக்களும் திரளாகக் கலந்து கொள்வர். தாசியா கட்டுதற்குப் பொருளும் உதவுவர். 1884இல் அவ்வூர்வலம் நகரினுள் புகுதல் கூடாதென அரசு தடை விதித்தது. தடையை நீக்குமாறு ஒரு மனு அனுப்பப்பட்டது. அம்மனுவிற்கு முன்னின்ற சுக்கூ என்பவர் ஓர் இந்து. மனு மறுக்கப்பட்டது. அக்டோபர் 30ஆந் திகதி சான் பெர்னாண்டோ நகரின் வாயிலிலே ஊர்வலத்தினர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. இறந்தோர் 22 பேரென ஆய்வாளர் கணக்கிடுவர். காயமுற்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர். இறந்தோருள் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர்.

ஒரே கப்பலிற் சென்றோர் தம்மைக் ‘கப்பற் சகோதரர்’ என்று அழைத்துக் கொண்டனர். சாதியும் சமயமும் அவ்வுறவின் முன் தலைசாய்ந்தன. திருக்கோவில் முருகனும் அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலும் ஒரே கரையிலே விளங்கும் எமக்கு, அடுத்தடுத்த வயல்களுக்கு ஒரே வாய்க்காலிலே நீர் பாய்ச்சும் எமக்கு, இது வெறும் அந்நிய நாட்டுச் செய்தியன்று.

பாடசாலையும் கோயிலும்

1868இல் கனடா நாட்டுப் பிரசுபித்தேரியத் திருச்சபையினரான யோன் மோட்டன் என்பார் இந்தியப் பிள்ளைகட்குப் பாடசாலை தொடங்கினார். தாமே இந்தி கற்று அம்மொழியிலும் போதித்தார். அவர்தம் தொண்டு பெரிது. அதனை மறுத்தல் நன்றியின்மையாகும். ஆயினும் கல்வி வேண்டுவோர் சமயத்தையும் மாற்றுதல் நலம் என்னும் நிலை பலர்க்கு நேர்ந்தது. இந்துக்கள் தாமே பாடசாலை நிறுவ நெடுங்காலஞ் சென்றது. 1952இல் சனாதன தர்ம மகாசபை ஒன்றுபட்டு அமைந்து, பதாசே சகான் மகராசின் தலைமையிலே சில ஆண்டுகளுள் பாடசாலைகள் பலவற்றைக் கட்டியது. அவற்றை மாட்டுக்கொட்டில் என எள்ளினோரும் உளர். அக்கொட்டில்களிலே கற்ற பிள்ளைகளோ மருத்துவராயும் நியாயவாதிகளாயும் வெளிவந்தனர். முஸ்லிம் சங்கங்களும் அவ்வாறே தமக்கெனப் பாடசாலைகளை அமைத்தன.

அதே 1952ஆம் ஆண்டிலே நிகழ்ந்த மற்றொரு செய்தி. சிவதாசு சாது என்னும் தொழிலாளி, சீனிக் கம்பனியின் நிலத்திலே ஒரு சிறு கோயில் கட்டியிருந்தார். கம்பனி அதனை இடித்தது. அவர் 14 நாட் சிறையிலும் இருந்தார். வெளிவந்தவர், ‘நிலம் உம்முடையதாயின், கடல் எவருடையது?’ என்று எண்ணினார் போலும். மிதிவண்டியிலே கல்லும் மண்ணுஞ் சுமந்து, வற்றும் நேரம் பார்த்துக் கடலினுள்ளே அடித்தளமிட்டு, ஆண்டுக்கணக்காகத் தனியொருவராய்க் கோயில் எழுப்பினார். இந்தியர் வருகையின் 150ஆம் ஆண்டாகிய 1995இல் அது புதுப்பிக்கப்பட்டது. கடலினுள் நிற்கும் அக்கோயிலை இன்று யாவரும் சென்று வணங்குகின்றனர்.

குடியுரிமை

1946இல் திரினிடாட்டிலே வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆங்கிலம் அறிந்தோர்க்கே வாக்கு என்றொரு விதி முன்மொழியப்பட்டபோது இந்தியர் போராடி அதனை நீக்குவித்தனர். 1962 ஓகத்து 31ஆந் திகதி எரிக் வில்லியம்சின் தலைமையில் நாடு சுதந்திரம் பெற்றது, 1976இல் குடியரசாயிற்று. 1987இல் நூர் அசனலி குடியரசுத் தலைவரானார். 1995இல் பாசுதேவ் பாண்டே இந்திய வமிசத்தவருள் முதற் பிரதமரானார். இனவழி வாக்களிக்கும் வழக்கமும், அதனால் எழும் கசப்பும் அங்கும் உண்டு. எனினும், கூலியாய் வந்தவரின் பேரர் அந்நாட்டின் குடிகளா என்ற கேள்வி எழவில்லை. எமது மலையகத் தோட்டங்களிலே உழைத்தோரின் நிலை யாது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அத்தவற்றைத் திருத்தும் இறுதிச் சட்டங்கள் வர இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இவ்விரு தீவுகளையும் ஒப்புநோக்கும் மாணவன், சுதந்திரம் வேறு, சமத்துவம் வேறு என்பதை உணர்வான்.

மறைந்த மொழி

இனி, எமக்கு மிக அணுக்கமான செய்திக்கு வருவோம். சென்னையினின்றுஞ் சென்ற தமிழர் யாது ஆயினர்? அவர் தொகை சிறிது. பல தோட்டங்களிலே சிதறுண்டனர். இந்தியர்க்குள் போச்புரி பொதுமொழியாயிற்று. பின் அதனையும் ஆங்கிலம் விழுங்கியது. மாரியம்மன் வழிபாடு எஞ்சியது. காளி கோயிலிலே தப்புப் பறை ஒலிக்கின்றது. தீமிதித்த செய்தி பழைய குறிப்புக்களிலே உண்டு. முனுசாமி, வீராசாமி என்னும் பெயர்கள் உருத்திரிந்து குடும்பப் பெயர்களாய் நிலைத்தன. மொழி மாத்திரம் நிலைக்கவில்லை. நிலம் இருந்தது, கோயில் இருந்தது, பெயர் இருந்தது. தமிழ் எழுத்தறிவிக்கும் பள்ளி இல்லை. தாத்தா பேசியதைப் பேரன் விளங்கிக் கொள்ளாத நாள் ஒன்று அங்கு வந்தது.

காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணியும், 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியும் இப்பகுதிக்குச் செய்த தொண்டின் பெருமை இவ்விடத்திலேதான் நன்கு விளங்கும். ஆங்கிலமும் அறிவியலும் கற்பிக்கும்போதே தமிழையும் சமயத்தையும் கைவிடாத பள்ளிகள் எமக்கு வாய்த்தன. திரினிடாட்டுத் தமிழர்க்கு அத்தகையதொரு பள்ளி வாய்த்ததில்லை. இரு கரைகளிலும் வாழ்ந்தவர் ஒரே இனத்தவர். வேறுபாடு பள்ளியினால் வந்தது.

2003இல் திரினிடாட்டின் அரசாங்கச் சீனிக் கம்பனியும் மூடப்பட்டது. எந்தக் கரும்புக்காக அவர்கள் கொண்டு செல்லப்பட்டனரோ, அக்கரும்பு போயிற்று, மனிதர் நிலைத்தனர். தொழில்கள் தோன்றி மறையும். நிலைப்பன, ஒரு மக்கள் தாமே முயன்று கட்டியவை.

விழாக் கொண்டாடும் எம் கல்லூரியும் அத்தகைய முயற்சியின் பயனே. இதனை எமக்கு விட்டுச் சென்றோர் செல்வரல்லர். பிடியரிசி சேர்த்தும் ஓலை வேய்ந்தும் பள்ளிகளை வளர்த்த தலைமுறையினர். பழைய மாணவர் கூரைக்கும் நூலகத்திற்கும் உதவுக. இளைய மாணவர் தமிழைப் பிழையறக் கற்க. அடுத்த விழா மலரைத் தமிழிலேயே எழுதவும் படிக்கவும் எம் பேரர் இருத்தல் வேண்டும்.